என்னை ஒருபோகம் ஆக்கிய கராத்தே படம்

எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. ஒருபோகம். அதைச் சொல்லாமல் இதை எழுத முடியாது என்பதால் முதலிலேயே எழுதிவிட்டேன். அந்தப் பெயரை வைத்தவர் மேல் எனக்கு உள்ள கோபம் இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகியும் ஆறவில்லை. ஆறவேண்டும் என்று நான் ஆசைப்படவும் இல்லை.

எங்கள் ஊர் உப்பூருக்கு மேற்கே, மெயின் ரோட்டிலிருந்து இரண்டு மைல் உள்ளே இருக்கிறது. ரோட்டு முக்கில் ஒரு டீக்கடை, ஒரு சைக்கிள் கடை, ஒரு சலூன். அறுவடை முடிந்து தரிசு காய்ந்ததும் முக்குக்குப் பின்னால் இருந்த பொட்டலில் டூரிங் கொட்டகை போடுவார்கள். மறுமழை வரும்வரை படம் ஓடும். கொட்டகையில் மிஷின் ஒன்றுதான். ஒரு ரீல் முடிந்தால் விளக்கைப் போட்டு, அடுத்த ரீலை மாட்டுகிறவரை நாங்கள் முறுக்குத் தின்றுகொண்டு காத்திருக்க வேண்டும். மாதம் ஒரு சைனாப் படம் வரும். எல்லாவற்றையும் கராத்தே படம் என்றுதான் சொல்வோம். குங்ஃபூ வேறு, கராத்தே வேறு என்பது எனக்கு ரொம்பக் காலம் கழித்துத்தான் தெரிந்தது. படத்தின் பெயர் இங்கிலீஷில் இருக்கும். பேச்சும் இங்கிலீஷ். அதனால் படத்துக்கு நாங்களே பெயர் வைத்துக்கொள்வோம். ஒத்தக்கண்ணன் படம், பாலத்துச் சண்டைப் படம் என்று. என்னைக் கெடுத்த படத்துக்கு வைக்கோல்போர் படம் என்று பெயர். அதில் வைக்கோல் போரின் மேல் நின்று சண்டை போடுவார்கள்.

சனிக்கிழமை முதல் ஆட்டம் பார்த்தவர்கள் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் சலூனுக்கு வந்துவிடுவார்கள். முடி வெட்டவேண்டியவன் ஒருவன் என்றால் பேச வந்தவன் ஏழு பேர். கயிறு கட்டித்தான் பறக்கிறான் என்று ஒருவன் சொல்வான். கயிறு எங்கடா தெரிஞ்சது, உன் கண்ணுல மூத்திரத்த ஊத்திக் கழுவு என்று இன்னொருவன் பாய்வான். ஒரே அடியில் செத்தவன் பிறகு கூட்டத்தில் நின்று வேடிக்கை பார்த்தானா இல்லையா என்று அரைமணி நேரம் ஓடும். நான் வாசல் பக்கம் பெஞ்சு நுனியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அந்தப் பேச்சு எனக்குப் படத்தைவிடப் பிடிக்கும். ஆனால் நான் வாய் திறக்க மாட்டேன். கூட்டத்தில் பேசினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

சுழல் நாற்காலியில் உட்காருகிறவர் ஒருவர் இருந்தார். அவர் என்றே எழுத வருகிறது, பழக்கம். பக்கத்து ஊர்க்காரர், எங்களைவிட நாலைந்து வயது மூத்தவர், ராமநாதபுரத்தில் படித்துவிட்டு ஒரு ஆபீஸில் கிளார்க்காக இருந்தார். படத்தில் பேசிய இங்கிலீஷுக்கு அவர்தான் அர்த்தம் சொல்வார். 'என் தங்கச்சிய எங்கடா வச்சிருக்கன்னு கேக்குறான்' என்பார். படத்தில் தங்கச்சியே இருக்காது. யாரும் எதிர்த்துக் கேட்டதில்லை. கடைசிக் கருத்து அவருடையதுதான்.

வைக்கோல்போர் படத்தில் ஒரு கிழட்டு வாத்தியார் வருவார். அவருக்கு ஒரே சீடன். மூன்றாவது ரீலில் எதிரிகள் வந்து வாத்தியாரைக் கொன்றுவிடுகிறார்கள். சீடன் கட்டிப்பிடித்துக் கதறுகிறான். விளக்கைப் போட்டார்கள். அடுத்த ரீல் மாட்டினார்கள். பார்த்தால் வாத்தியார் உயிரோடு உட்கார்ந்து கிண்ணத்தில் சோறு சாப்பிடுகிறார். சீடன் அவருக்கு விசிறுகிறான். கொட்டகையில் ஒரே கூச்சல், விசில். அதற்கடுத்த ரீலில் சீடன் மறுபடியும் அழுதுகொண்டு குழி வெட்டுகிறான்.

மறுநாள் சலூனில் அதுதான் பேச்சு. நாற்காலிக்காரர் முகத்தில் சோப்பு நுரையோடு தீர்ப்புச் சொன்னார்.

"டபுள் ஆக்ட்ரா. ரெட்டப் பிறவி. செத்தது அண்ணன். சோறு திங்கிறது தம்பி. தம்பிக்கு இன்னும் சேதி வரல."

"ஆமாண்ணே, அதான் சிரிச்சுக்கிட்டே திங்கிறாப்ல" என்றான் சைக்கிள் கடைக்காரன்.

எனக்கு அது பொறுக்கவில்லை. நான் பார்த்தது வேறு. வாத்தியார் சாகும்போது பின்னால் இருந்த வயல் அறுத்த வயல். அரிந்த நெல்லின் அடித்தாள் நிற்கிறது, வைக்கோல் போர் இருக்கிறது. சோறு சாப்பிடும்போது அதே வரப்பு, அதே வளைந்த மரம், ஆனால் வயலில் முழங்கால் உயரத்துக்குப் பச்சை. குழி வெட்டும்போது மறுபடியும் தாள். சண்டையை எல்லாரும் பார்த்தார்கள். வயலை நான் ஒருவன்தான் பார்த்தேன். வெள்ளாமைக்காரன் கண் அங்கேதான் போகும்.

எப்படித்தான் பேசினேனோ தெரியாது. பேசிவிட்டேன்.

"ரெட்டப் பிறவி இல்லண்ணே. ரீல மாத்தி ஓட்டிட்டாங்க. சோறு திங்கிறது முந்துன ரீலு. வயலப் பாத்தீங்களா? அறுத்துக் கெடந்துச்சு, அப்புறம் பச்சையா நிக்குது, திரும்ப அறுத்துக் கெடக்குது. அழுத கண்ணீரு காயல, அதுக்குள்ள ஒரு வெள்ளாமையா?"

சலூன்காரர் கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அத்தோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். பேச்சு வந்த சந்தோஷத்தில் ஒன்று கூடச் சொன்னேன்.

"வருசத்துக்கு ஒரு போகந்தானண்ணே நெல்லு வெளையும்?"

நாற்காலிக்காரர் நுரையோடு திரும்பினார். "ஏலே, அது ஒன்னோட ஊருலடா! மானத்தப் பாத்து வெதச்சிட்டு வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிற ஊருல. சீனாவுல மூணு போகம்டா! ஒருபோகம் வந்து படத்துக்கு அர்த்தம் சொல்லுது பாரு!"

அவ்வளவுதான். சலூன் இடிந்துவிழுகிற மாதிரி சிரித்தார்கள். சலூன்காரரும் சிரித்தார். நான் பெஞ்சைவிட்டு எழுந்து நடந்தேன். பின்னால் யாரோ, "ஒருபோகம் கோவிச்சுக்கிட்டுப் போகுதுடோய்" என்றது கேட்டது.

எல்லா ஊரிலும் வருஷத்துக்கு ஒரு வெள்ளாமைதான் என்று நான் நினைத்திருந்தது தப்பு. ஒத்துக்கொள்கிறேன். ஆவணியில் புழுதியில் விதைத்து, மழை வந்தால் தை மாதம் அறுத்து, வராவிட்டால் மாட்டை விட்டு மேய்க்கிற ஊரில் பிறந்தவனுக்கு வேறென்ன தெரியும்? ஆனால் ரீல் மாறியது தப்பில்லை. நான் சொன்ன பத்தில் ஒன்று தப்பு என்பதற்காக ஒன்பதையும் சிரித்துத் தள்ளினார்கள். அதுதான் எனக்குக் கோபம். படித்தவர் தப்பாகச் சொன்னால் அது கருத்து. நான் சொன்னால் பட்டப்பெயர்.

பெயர் ஒட்டிக்கொண்டது. டீக்கடையில் ஒருபோகத்துக்கு ஒரு டீ. சைக்கிள் கடையில் ஒருபோகத்தின் சைக்கிள். எனக்குக் கல்யாணமானது. ஒரு பெண் பிறந்தாள். அதற்குப் பிறகு பிள்ளை இல்லை. அப்போதுதான் அந்தப் பெயருக்கு இரண்டாவது அர்த்தம் முளைத்தது. அதை நான் விளக்க வேண்டியதில்லை. என் மனைவி தண்ணீர்க் குழாயில் நிற்கும்போது ஒருத்தி கேட்டிருக்கிறாள், "ஒங்க வீட்டுல ஒரு போகத்தோட சரியா ஆத்தா?" என்று. இவள் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். என்னைத் திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"படம் பாத்தது நீங்க. பேரு எனக்கா?"



இதையெல்லாம்கூட நான் விழுங்கியிருப்பேன். விழுங்க முடியாதது ஒன்று உண்டு. எங்கள் கண்மாய்க்குச் சுற்றிலும் நாலைந்து ஊருக்கு நிலம் உண்டு. நாற்காலிக்காரருக்கும் இருந்தது, விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு விட்டிருந்தார். ஒரு கார்த்திகைக் கடைசியில் நல்ல மழை. கண்மாய் நிறைந்தது. நடுமடைக்குத் தெற்கே கரைக்கு வெளியே ஓரிடத்தில் மண் நசநசவென்று இருந்ததைப் பார்த்தேன். நண்டு வளையோ எலி வளையோ, உள்ளே தண்ணீர் வழி கண்டுவிட்டது என்று தெரிந்தது. கண்மாய்க் கூட்டத்தில் எழுந்து நின்றேன். சலூனுக்குப் பிறகு கூட்டத்தில் நான் வாய் திறந்தது அன்றுதான்.

"நடுமடைக்கித் தெக்க..." என்று ஆரம்பித்தேன்.

"ஏலே, ஒருபோகத்துக்குப் பேச்சு வந்துருச்சுடா! என்ன, ரீலு மாறிப்போச்சா?" என்றார் அவர்.

கூட்டம் சிரித்தது. நான் உட்கார்ந்துவிட்டேன். ஆறாம் நாள் அந்த இடத்தில் கரை உடைந்தது. பால் பிடித்து நின்ற பயிர் படுத்துவிட்டது. என்னுடையது மட்டுமில்லை, அவருடையதும்தான். நான் உட்கார்ந்தது என் குற்றம். சிரித்தாலும் சிரிக்கட்டும் என்று கத்தியிருக்க வேண்டும். அந்த வருஷம் முழுக்க நான் என்மேலேயே கோபப்பட்டேன். பிறகு பாதியை அவருக்குக் கொடுத்துவிட்டேன்.

காலம் போனது. கொட்டகை போய் வீட்டுக்கு வீடு டிவி வந்தது. சலூன்காரர் ஒரு டிவிடி பிளேயர் வாங்கிச் சுவரில் பலகை அடித்து வைத்தார். தேவிபட்டினத்திலோ ராமநாதபுரத்திலோ வாங்கிய சிடிகளில் அந்தக் காலத்துச் சைனாப் படங்கள் தமிழ் பேசின. பழைய ஆட்கள் மறுபடியும் ஞாயிற்றுக்கிழமை கூடினோம். எல்லாருக்கும் தலை நரைத்திருந்தது. நான் அதே பெஞ்சு நுனி. தமிழ் பேசியதிலும் எனக்குக் கோபம்தான். நாங்கள் மூச்சை அடக்கிப் பார்த்த வாத்தியார்கள் எல்லாம் மெட்ராஸ் பாஷையில் இன்னாபா, மெர்சலாய்ட்டேன் என்று பேசினார்கள். சாகப்போகிறவன் ஜோக் அடிக்கிறான். அதைக் கேட்டுச் சிரிப்பதற்குப் பத்துப் பேர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வைக்கோல்போர் படத்தைப் போட்டார்கள். வளைந்த மரத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. நாற்காலிக்காரர் ரிட்டயர் ஆகி நாற்காலியில் இருந்தார். முகம் முழுக்க நுரை.

வயலில் பச்சை. வாத்தியார் கிண்ணத்தில் சோறு சாப்பிட்டார். சீடன் விசிறினான். பிறகு அறுப்பு நடந்தது. அதைக் கொட்டகையில் வெட்டியிருந்தார்கள் போல. பிறகு தாள் வயல், வைக்கோல் போர், சண்டை. வாத்தியார் செத்தார். சீடன் அழுதான், அந்த அழுகையோடே குழி வெட்டினான். தம்பியும் இல்லை, ரெட்டைப் பிறவியும் இல்லை. நான் சொன்ன வரிசை. ஒரு அணுகூட மாறவில்லை.

சைக்கிள் கடைக்காரன்தான் முதலில் பேசினான். "ஏண்ணே, அப்ப இது டபுள் ஆக்ட் இல்லையா?"

நாற்காலிக்காரர் எதிரே இருந்த சுவர்க் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார். "நான்தான் அன்னைக்கே சொன்னனடா, ரீல மாத்தி ஓட்டுறாய்ங்கன்னு. எவன் கேட்டீங்க?" பிறகு கண்ணாடியில் என்னைத் தேடினார். "ஏலே ஒருபோகம், நீ இருந்தேல்ல? சொல்லு. சொன்னனா இல்லையா?"

என்னையே சாட்சிக்குக் கூப்பிட்டார். அவர் பொய் சொல்லவில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அவருக்கு அப்படித்தான் ஞாபகம். சிரித்தது மறந்துவிட்டது, என் பேச்சு மட்டும் தங்கி, அவருடையதாகிவிட்டது. பொய் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

எழுந்து நின்றேன். நாக்கு ஒட்டவில்லை.

"நீங்க சொல்லல. நான் சொன்னேன். டபுள் ஆக்ட்டுன்னது நீங்க. நுரையோட இப்பிடித்தான் ஒக்காந்திருந்தீங்க."

"என்னடா இது, ஒரு படத்துக்குப் போயி..."

"படத்துக்கு இல்ல."

சலூன்காரர் கத்தியைத் துண்டில் துடைத்தார். "அவன்தாண்ணே சொன்னான்" என்றார் மெதுவாக. "நானும் அன்னைக்குச் சிரிச்சவந்தான்."

டிவியில் சீடன் யாரையோ அடித்துக்கொண்டிருந்தான். யாரும் பார்க்கவில்லை.

"சரிடா, விடு. நீதான் சொன்ன, போதுமா?" என்றார் நாற்காலிக்காரர். "ஒக்காரு ஒருபோகம்."

"பேரச் சொல்லி ஒக்காரச் சொல்லுங்க, ஒக்காருறேன்."

அவர் வாயைத் திறந்தார். திறந்தபடியே இருந்தது. நெற்றியில் சுருக்கம் விழுந்தது. நுரை காய்ந்து கன்னத்தில் வெடிப்பு விட்டிருந்தது. என் அய்யா பெயரைச் சொல்லி, அவர் மகன் என்றார். அது என் பெயர் இல்லை என்று உட்காராமல் நின்றேன். அவர் கண் கண்ணாடியில் சைக்கிள் கடைக்காரனிடம் போனது. அவன் தலையைச் சொறிந்தான். அவனுக்கும் தெரியவில்லை. இத்தனை வருஷம் என் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டியவன்.

சலூன்காரருக்கு மட்டும் தெரியும். என் மகள் கல்யாணப் பத்திரிகையை அவர் கடைக் கண்ணாடியில்தான் ரொம்ப நாள் சொருகி வைத்திருந்தார். அவர் உதவி செய்ய வாயெடுத்தார். சொல்லாதீர்கள் என்று கையைக் காட்டினேன். அவர் வாயை மூடிக்கொண்டு சோப்புக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றினார்.

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். பின்னால் யாரும் சிரிக்கவில்லை. இரண்டு மைல் நடந்து வீட்டுக்கு வந்து, என் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "பேர அவுகளுக்குச் சொல்லிட்டு வந்திருக்கலாம்ல?" என்றாள்.

சொல்லவில்லை. அதைத் தேடித் தெரிந்துகொள்ள வேண்டியது அவர்கள் வேலை. இங்கேயும் எழுதவில்லை.