கைப்பையில் ஒளித்த குளிசை

போன வருடம் நோன்புப் பெருநாள் கழிந்து இரண்டாம் வாரம் என் மகள் ஸஹ்லாவின் உதடு வெடித்தது. முதலில் காய்ச்சல். பிறகு கண் சிவந்தது. மூன்றாம் நாள் கழுத்திலும் நெஞ்சிலும் சிவப்புத் தடிப்புகள். எச்சிலை விழுங்கவே அழுதாள். அம்மைதான், கொப்புளிப்பான் என்று நினைத்தேன். அப்படித்தான் எல்லோரிடமும் சொன்னேன். உள்ளே எனக்கு வேறொரு பயம் இருந்தது. அதை நானே எனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை.

சகோதரிகளே, உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். கல்முனைக்குடியில் பிறந்தவள். பத்தாம், பதினோராம் வகுப்புகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். வாப்பாவுக்கு நாங்கள் மூன்று பிள்ளைகள். மூத்தவர் காக்கா, அடுத்தவர் ஜெஸீமா ராத்தா, கடைசி நான். ராத்தா இருபத்திரண்டு வயதில் கொப்புளிப்பான் வந்து மௌத்தானார் என்றுதான் ஊருக்குத் தெரியும். உண்மை அதுவல்ல. ராத்தாவுக்கு வலிப்பு இருந்தது. புதிதாக ஒரு வலிப்புக் குளிசை தொடங்கி மூன்று வாரத்தில் உதடு வெடித்து, தோல் உரிந்து, போய்விட்டார். வலிப்புள்ள குடும்பம் என்று பெயர் வந்தால் எனக்கு மாப்பிள்ளை வராது என்று உம்மா அதை மறைத்தார். என்னிடமும் காக்காவிடமும் சத்தியம் வாங்கினார். என் கணவருக்குக்கூட நான் சொன்னதில்லை.

அந்த றமழானில் ஸஹ்லாவுக்கு இரண்டு முறை வலிப்பு வந்தது. இங்கே கிளினிக்குக்குக் கொண்டுபோனால் வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் தெரிந்தவர்கள். ஆகவே மட்டக்களப்புக்குக் கொண்டுபோனேன். அங்கே டொக்டர் இரண்டு கேள்விகள் கேட்டார். குடும்பத்தில் வேறு யாருக்காவது வலிப்பு இருந்ததா? எந்த மருந்தாவது யாருக்காவது ஒத்துவராமல் போனதா? இரண்டுக்கும் "இல்ல டொக்டர்" என்றேன். யோசிக்கவே இல்லை. முப்பது வருடம் பழகிய நாக்கு அது.

குளிசை தொடங்கினோம். வலிப்பு நின்றது. நான் அல்லாஹ்வுக்கு ஷுக்ர் செய்தேன்.

ஒரு மாதம் ஆவதற்குள் இந்தக் காய்ச்சல். கணவர் நாவிதன்வெளியில் சிறுபோக விதைப்பில் நின்றார். நானே மகளை நம்முடைய ஊர்ப் பக்கத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். "வேற ஏதும் மருந்து குடிக்கிறாவா?" என்று வாட்டு டொக்டர் கேட்டார். பக்கத்துக் கட்டிலில் எங்கள் தெருப் பெண் ஒருவர் படுத்திருந்தார். "காய்ச்சல் குளிசை மட்டும்தான்" என்றேன்.

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டமான இடம். வலிப்புக் குளிசையை விட்டால் வலிப்பு திரும்பி வரும் என்று பயந்தேன். அதனால் அதைக் கைப்பையில் ஒளித்து வைத்திருந்தேன். தாதி மிஸ்மார் அந்தப் பக்கம் திரும்பும் நேரம் பார்த்து, தண்ணீரில் கரைத்து, வெடித்த அந்த உதட்டுக்குள் கரண்டியால் ஊற்றினேன். இரண்டு நாள், மூன்றாம் நாள் காலையும். என் கையாலேயே.

அன்று லுஹர் தொழுகைக்குப் பிறகு அவள் முதுகைத் துடைக்கும்போது துணியோடு தோல் வந்தது. ராத்தாவின் முதுகில் நான் அதைப் பார்த்திருக்கிறேன். வெளியே ஓடிவந்து காக்காவுக்கு அழைத்தேன்.

"காக்கா, ராத்தாக்கு வந்தது மாதிரியே இரிக்கி."

"வாயப் பொத்து. ஆரும் பக்கத்துல நிக்காங்களா?"

"டொக்டர்ட்ட சொல்லப் போறன்."

"உனக்கென்ன புத்தி பேதலிச்சிட்டா? எண்ட மகள்ற கலியாணத்துக்கு இன்னும் ஒரு மாசம். அவக்குச் சீதனமாக் கட்டின வீட்டுக்குப் பூச்சுக்கூட முடியல்ல. மாப்பிள்ள வீட்டாக்கள்ற காதுல விழுந்தா ஆர் வந்து அந்த வீட்டுல இருப்பான்? நீயா?"

"புள்ள செத்துப் போவாள், காக்கா."

"துஆ கேளு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

துஆ கேட்கத்தான் போனேன். பெண்கள் தொழும் சிறிய அறை ஒன்று இருந்தது. அஸர் தொழுதேன். ஸுஜூதில் விழுந்து எழும்ப முடியவில்லை. யா அல்லாஹ், இவளை எடுத்துக்கொள்ளாதே, ஒரு வழியைக் காட்டு. இதையே திரும்பத் திரும்பக் கேட்டேன். அற்புதம் ஒன்றை எதிர்பார்த்தேன் என்றே நினைக்கிறேன். ஒரு பெரிய டொக்டர் வருவார், ஒரு ஊசி வரும், அப்படி ஏதாவது.

எதுவும் வரவில்லை. ஆனால் நெற்றி தரையில் இருக்கும்போதே ஒன்று தெளிவாகத் தெரிந்தது. நான் கேட்கும் வழி என் வாய்க்குள்ளேயே இருக்கிறது. அதை நான்தான் பூட்டி வைத்திருக்கிறேன். யாரும் காதில் சொல்லவில்லை. ஆனால் அது என் சொந்த யோசனை என்றும் என்னால் சொல்ல முடியாது. என் சொந்த யோசனை முப்பது வருடமாக எனக்கு வேறு விதமாகத்தான் சொல்லித் தந்திருந்தது.

நேரே வாட்டுக்குப் போனேன். கணவர் வயலிலிருந்து அப்போதுதான் வந்து கட்டிலருகில் நின்றார், காலில் சேறு காய்ந்திருந்தது. அவர் முன்னால், அந்தத் தெருப் பெண் முன்னால் சொன்னேன்.

"டொக்டர், நான் பொய் சொல்லிட்டன். புள்ளைக்கு வலிப்பு. இந்தக் குளிசையக் குடுத்துட்டு வாறன். எண்ட ராத்தாவும் வலிப்புக் குளிசை குடிச்சி இப்படித்தான் மௌத்தானா."

டொக்டர் இளம் தமிழ்ப் பிள்ளை. குளிசை அட்டையை வாங்கிப் பார்த்தார். முகம் மாறியது.

"கடைசியா எப்ப குடுத்தீங்க?"

"காலையில."

"இனி ஒண்டுமே குடுக்கக் கூடாது, விளங்குதா? நல்ல வேளை இப்பவாவது சொன்னீங்க அம்மா."

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். கணவர் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார்: "எனக்குமா சொல்லல்ல?"

அன்றே அம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். தீக்காயம் பட்டவளைப் போல் பார்த்தார்கள். பல நாட்கள் எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். கண் போய்விடுமோ என்று பயந்தார்கள். அல்லாஹ் கண்ணையும் தந்தான், பிள்ளையையும் தந்தான். மருந்தை அன்று நிறுத்தியதுதான் பெரிய காரணம் என்று அங்கிருந்த நிபுணர் சொன்னார்.

அவள் தேறிய பிறகு இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். ஒரு பரம்பரையலகின், அதாவது மரபணுவின், குறிப்பிட்ட வகை அவளிடம் இருப்பதாக முடிவு வந்தது. அந்த வகை உள்ளவர்களுக்கு அந்தக் குளிசை இப்படிச் செய்யக்கூடுமாம். எத்தனையோ பேரைக் காப்பாற்றும் மருந்து அது. என் மகளின் உடம்புக்கு மட்டும் ஆகாது. இரத்தத்தைப் பார்த்து வேறொரு குளிசை தெரிந்தெடுத்துத் தந்தார்கள். வலிப்பும் இல்லை, தடிப்பும் இல்லை. ராத்தாவின் இரத்தம் இன்று யாரிடமும் இல்லை. "அவவுக்கும் இதுவாத்தான் இருந்திருக்கும்" என்று மட்டும் நிபுணர் சொன்னார். இப்படி இரத்தத்தை முன்கூட்டிப் பார்த்து, ஆளுக்கு ஏற்ற மருந்தை எழுதும் காலம் வந்துகொண்டிருக்கிறது என்றும் சொன்னார்.

அதைக் கேட்டு எனக்கு வெட்கமாக இருந்தது. பரம்பரையலகு பற்றி வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறவள் நான். ஸஹ்லா வாய் ஆறிய பிறகு சிரித்துக்கொண்டே கேட்டாள்: "உம்மா, ஊர்ப் புள்ளையளுக்கெல்லாம் பட்டாணிச் செடிட கதையச் சொல்றீங்க. நம்மட பட்டாணிய மட்டும் ஒளிச்சி வெச்சிட்டீங்களே?" சிரித்தேன். பிறகு குசினிக்குள் போய் அடுப்படியில் நின்று அழுதேன்.

காக்கா என்னோடு கதைப்பதை விட்டுவிட்டார். அவர் மகளின் கலியாணம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. எனக்கு அழைப்பு வரவில்லை. என் துஆவில் அவர் பெயரை நான் விடவில்லை.

ஐந்து மாதம் கழிந்து ஒரு காலை அவருடைய இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. ஸலாம் சொன்னார்.

"கன்னத்துல மின்னல் வெட்டின மாதிரிக் குத்து. பல்லுத் துலக்கவும் ஏலாம இரிக்கி. நரம்பு நோவாம். குளிசை எழுதித் தந்திரிக்காங்க."

"பேரென்ன, காக்கா?"

எழுத்து எழுத்தாக வாசித்தார். ஸஹ்லாவின் குளிசை. அதே பெயர்.

"குடிச்சிட்டீங்களா?"

"இல்ல. கையில வெச்சிட்டு இரிக்கன். இது வலிப்புக்கும் குடுக்கிற குளிசையாம். நீ அண்டைக்கு வாட்டுல சொன்னத ஊரே கதைச்சிச்சே. அதான் ஞாபகம் வந்திச்சி."

அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். இங்கேதான், நம்முடைய ஊர் கிளினிக்குக்கு. வரிசையில் பாதிப் பேர் அவருடைய புடவைக் கடைக்கு வருகிறவர்கள். டொக்டர் அதே கேள்வியைக் கேட்டார். காக்கா என்னைப் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "ஓம் டொக்டர். எண்ட தங்கச்சி ஜெஸீமா. வலிப்புக் குளிசையாலதான் மௌத்தானா." முப்பது வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயரை அவர் வாயால் கேட்டேன். அவருடைய இரத்தத்திலும் அதே வகை இருந்தது. வேறு மருந்து கொடுத்தார்கள். இப்போது பல் துலக்குகிறார், என்னை ஏசவும் செய்கிறார்.

எனக்கு இன்னும் பயங்கள் உண்டு. நாளைக்கு எல்லாப் பிள்ளைகளின் இரத்தக் குறிப்பும் ஒரு தாளில் வந்தால், கலியாணம் பேச வருகிறவர்கள் அந்தத் தாளையும் கேட்பார்களோ என்று யோசிக்கிறேன். ஸஹ்லாவுக்கு இன்னும் ஒன்றும் பேசி வரவில்லை. வரும்போது முதல் நாளே சொல்லிவிடுவது என்று வீட்டில் முடிவெடுத்திருக்கிறோம்.

இரத்தத்தில் எழுதியவன் அல்லாஹ். அதை வாசிக்கும் அறிவையும் மனிதனுக்கு அவன்தான் தந்தான். கத்ரை, அவன் விதித்ததை, நம்புகிறவள் அந்த எழுத்தைப் பார்க்கப் பயப்படத் தேவையில்லை என்று இப்போது நம்புகிறேன். நோய் வந்தால் ஸுஜூதில் விழுந்து கேளுங்கள் சகோதரிகளே, அவன் நிச்சயம் தருவான். கேட்டுவிட்டு எழும்பி, டொக்டர் கேட்பதற்கு உண்மையைச் சொல்லுங்கள்.

உங்கள் துஆவில் என் ராத்தாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவருடைய பெயர் ஜெஸீமா.