மார்லீஸின் புல்வெட்டி

ஸ்பார்க் பிளக் ஒயரைப் பிடுங்கி ஓரமாக மடக்கி வைத்துவிட்டு, மார்லீஸ் ஹூக்ஸ்ட்ரா புல்வெட்டியைப் பக்கவாட்டில் சாய்க்கிறாள். காற்று வடிகட்டி மேல்பக்கம் இருக்க வேண்டும். மாறிச் சாய்ந்தால் எண்ணெய் அதற்குள் இறங்கி, அடுத்த முறை கிளப்பும்போது தெருவே புகைந்துவிடும். இந்த இரண்டையும் செய்யாமல் அவள் அதன் வயிற்றில் கை வைத்ததே இல்லை. "பத்து விரலோட பொறந்தேன், பத்தோடயே போறேன்" என்பாள்.

காலையும் மாலையும் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். முதுகுக்குப் பின்னால் நாற்பது பிள்ளைகள் கத்தினாலும் எவன் எழுந்து நிற்கிறான் என்று திரும்பாமலே சொல்லிவிடுவாள். யந்திரங்களிடமும் அதே குரல்தான். கழன்று உருளும் நட்டைப் பார்த்து, "எங்க ஓடுற? வா இங்க" என்று அதட்டுவாள். யோசனை பலமாக இருந்தால் கன்னத்தில் புதினா மிட்டாய் ஒன்று உப்பியிருக்கும்.

அந்த வியாழக்கிழமை இரண்டு மிட்டாய்.

சனிக்கிழமை மகள் கென்ட்ராவுக்கு இதே கொல்லைப்புறத்தில் கல்யாணம். வெள்ளி விடியற்காலையிலேயே கூடாரம் போடுகிறவர்கள் வந்துவிடுவார்கள். பத்து நாளாக விட்டுவிட்டுப் பெய்த மழையில் புல் கணுக்காலைத் தாண்டி வளர்ந்து கிடக்கிறது. ஓடை வரை சரிவு. தானாக இழுத்துக்கொண்டு போகும் வண்டியென்றால் பின்னாலேயே நடந்துவிடலாம். தள்ளிக்கொண்டு ஏறக் கூடாதென்று முழங்கால் அறுவை செய்த டாக்டர் சொல்லியிருக்கிறார். வண்டியோ இழுக்க மாட்டேன் என்கிறது. இன்ஜின் உறுமுகிறது, கத்தி சுற்றுகிறது, சக்கரம் மட்டும் அசையவில்லை.

குற்றவாளி யாரென்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. பக்கத்து வீட்டு ஓரின் ப்ரூயிட். போன வாரம் இரவல் வாங்கிப்போனவன், அன்று சாயங்காலமே திருப்பிக் கொண்டுவந்து, "இது இழுக்கல மார்லீஸ்" என்றான்.

"காலையிலதான் சக்கரமெல்லாம் கழட்டி, சுத்தம் பண்ணி, கிரீஸ் போட்டு வச்சேன். உன் கைக்குப் போனதும் இழுக்கலையா?"

"நான் ஒண்ணும் பண்ணலம்மா. கிளப்பினேன், நகரவே இல்ல."

"எந்தக் கல்லுல ஏத்தினே?"

அதன்பிறகு ஓரின் வேலிப் பக்கமே வரவில்லை. கல்யாணத்துக்குப் பன்றிக்கறி வாட்டித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தவன் அவன். அந்தப் பேச்சும் அப்படியே நின்றுபோனது.

"புதுசு ஒண்ணு வாங்கிடலாமே" என்றார் கணவர் டேல், வாசலில் நின்றபடி.

"இதுக்கு என்ன நோவுன்னே தெரியாம புதுசா? நீ போய் நாற்காலியத் தொடை."

முதலில் கைப்பிடியிலிருந்து இறங்கும் கேபிளைப் பார்த்தாள். விறைப்பாகத்தான் இருந்தது. மூடியைக் கழற்றினாள், பெல்ட்டைச் சுற்றிக் காய்ந்த புல் அடைந்திருந்தது. விரல் விட்டு நோண்டி எடுத்தாள். பெல்ட்டில் ஒரு கீறல் இல்லை. மூடி, நிமிர்த்தி, ஒயரை மாட்டிக் கிளப்பினாள். நகரவில்லை. மேற்கே வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது.

அணைத்துவிட்டுக் கோபத்தில் ஒரு தள்ளு தள்ளினாள். கனத்தது. பின்னால் இழுத்தாள். வழுக்கிக்கொண்டு வந்தது. மறுபடி தள்ளினாள், இழுத்தாள். மிட்டாய் மெல்லுவது நின்றது.

"தள்ளினா வழுக்கணும், இழுத்தாத்தான் கனக்கணும். தலைகீழால்ல இருக்கு" என்றாள் மெதுவாக.

ஒயரை மறுபடி பிடுங்கினாள். பின்சக்கரம் இரண்டையும் கழற்றினாள். அச்சின் நுனியில் பக்கத்துக்கு ஒரு சின்னப் பல்சக்கரம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். உள்ளே இருக்கும் பிடிப்பற்கள் மட்டும் எதிரெதிர்த் திசையில் சாய்ந்திருக்கும்; இடம் மாறினால் முன்னோக்கிச் சுற்றும்போது சக்கரத்தைப் பிடிக்காமல் நழுவும். பழந்துணியால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். இடதுபக்கத்துக்குரியது வலதில் இருந்தது. வலதுக்குரியது இடதில்.

கிரீஸ் போட்டு மாட்டியது அவள் கைதான். ஓரின் தொடுவதற்கு முன்பே.

"என்ன ஆச்சு?" என்றார் டேல்.

"கல்லும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தான்." சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பழி தன் தலையில் விழுந்ததில் ஒருத்திக்கு இத்தனை நிம்மதியா என்று டேல் துணியும் கையுமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இடம் மாற்றி மாட்ட அதிக நேரம் பிடிக்கவில்லை. கிளப்பி நெம்புகோலை அழுத்தியதும், கயிறு கட்டிய நாய் இழுப்பதுபோல வண்டி அவளை இழுத்துக்கொண்டு ஓடியது. "மெதுவா, மெதுவா! நானும் வர்றேன்!" ஓடை வரை இறங்கினாள், ஏறினாள். முழங்கால் முனகவில்லை. மழையும் தூறலோடு விலகிப்போயிற்று.

கடைசி வரிசை வேலியோரம். சத்தம் கேட்டு ஓரின் பின்கதவைத் திறந்து நின்றான். அவள் வண்டியை அணைத்தாள்.

"உள்ள இருக்கற பல்சக்கரத்தை நான்தான் மாத்தி மாட்டியிருக்கேன், ஓரின். உன்மேல தப்பில்ல."

அவன் தாடியைச் சொறிந்தான். "அப்போ எந்தக் கல்லுலயும் நான் ஏத்தல?"

"ஏத்தல."

"கறியை எத்தனை மணிக்கு நெருப்புல வைக்கணும்?"

"சனிக்கிழமை விடியறதுக்கு முன்னாடி."

அவன் தலையாட்டினான். அவனுடைய புல்லும் முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. மார்லீஸ் காலால் வேலிக்கதவைத் தள்ளித் திறந்து, வண்டியை அவன் கொல்லைக்குள் திருப்பி, கிளப்பும் கயிற்றை இழுத்தாள்.