கணக்கர் நிறுத்திய கேமரா

போன வருட மழைக்காலத்தில், கட்டபெட்டு பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் நடந்தது இது. சர்வர் படுத்துவிட்டது, கொண்டுவரும் இலையின் எடை பதிவாகவில்லை என்று போன் வந்தது. நான் குன்னூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலை பார்ப்பவன். அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு, அங்கேயே சூடாக ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பலாம் என்ற நினைப்பில் கிளம்பினேன்.

போய்ப் பார்த்தால் வாசலில் பிக்கப் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. மூட்டைக்குள்ளேயே கிடந்தால் பச்சை இலை சூடேறிக் கெட்டுவிடும். இலை கொண்டுவந்தவர்கள் மழையில் நனைந்துகொண்டு நின்றார்கள். மானேஜர் நிலைகொள்ளாமல் நடந்துகொண்டிருந்தார்.

சர்வரில் பிராசஸர், மெமரி எல்லாம் சும்மாதான் இருந்தன. ஃபேக்டரியின் எடை மெஷின், இன்டர்நெட் எல்லாமே அதன் வழியாகத்தான்; ஒரே நேரத்தில் அது தாங்கும் இணைப்புகள் மட்டும் நிரம்பிக் கிடந்தன. ஒரே ஒரு கம்ப்யூட்டர் புதிது புதிதாக இணைப்பு எடுத்துக்கொண்டு, பழையதை விடாமல் வைத்திருந்தது. அதனால் எடை மெஷினுக்கு இடமே இல்லை. அது கணக்கருடைய கம்ப்யூட்டர். மனுஷன் ஏதோ படம் பார்க்கிறார் என்று நானாகவே முடிவு கட்டி, விறுவிறுவென்று போய், உங்களால்தான் எடை நிற்கிறது என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

அப்புறம்தான் திரையைப் பார்த்தேன். ஓரத்தில் சின்னக் கட்டத்தில் ஒரு அறை. விரிப்பு மடித்து வைத்த கட்டில். யாரும் இல்லை.

மனைவி படுத்த படுக்கையானபோது, காரமடையில் இருக்கிற அவர் வீட்டில் மாட்டிய கேமராவாம். மழைக்கு அங்கே கரண்ட் போய்ப் போய் வர, ஒவ்வொரு முறையும் இந்தக் கம்ப்யூட்டர் புது இணைப்பு எடுத்திருக்கிறது.

"அவ போயி நாலு மாசமாச்சுங்க. காலைல வந்ததும் கை தானா அதத் தொறந்துடுதுங்க" என்றார்.

சர்வரிடம் ஓடினேன். வீணாகக் கிடக்கும் இணைப்புகளை அதுவே துண்டிக்கும்படி மாற்றினேன். எடை மெஷின் ஓடத் தொடங்கியது. இனி கேமரா இருந்தாலும் தொந்தரவில்லை என்று சொல்லத் திரும்பி வந்தேன். திரையில் அந்தக் கட்டம் இல்லை.

"வீட்டுல இருக்கற தம்பிக்கு போன் போட்டுக் கழட்டச் சொல்லிட்டனுங்க. அத்தன பேரு எலையோட மழைல நிக்கறாங்க. நான் வெறுங்கட்டலப் பாத்துட்டு உக்காந்திருந்தா நல்லாவாங்க இருக்கு?"

மறுபடி மாட்டிக்கொள்ளலாம் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுக் கணக்கைப் பார்க்க ஆரம்பித்தார். மானேஜர் கொடுத்த டீயை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

இன்றும் எந்த சர்வரில் அப்படி ஒரு இணைப்பைக் கண்டாலும், துண்டிப்பதற்கு முன் அந்தப் பக்கம் இருப்பவரிடம் போய், என்ன பார்க்கிறீர்கள் என்று தனியாக, மெதுவாகக் கேட்கிறேன்.