மருந்துக்குப் பேர் கேட்டவள்

சோழவந்தானில் மாயக்காளைப் பற்றி யாரிடம் விசாரித்தாலும் முதலில் அவள் வாயைப் பற்றித்தான் சொல்வார்கள். புருசனைக் கொன்ற வாய் என்பார்கள். எங்கள் வீட்டுக்கு வருடக்கணக்காகப் பால் ஊற்றியவள் அவள். அந்த வாய் என்ன செய்தது, மற்ற வாய்கள் என்ன செய்யாமல் விட்டன என்பதெல்லாம் எனக்குத் தெரியும். சொல்கிறேன். நிதானமாகச் சொல்வேன் என்று மட்டும் யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

அவள் புருசன் நல்லகாமன் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிற வேலை பார்த்தான். சத்தமாக ஒரு வார்த்தை பேசத் தெரியாத மனிதன். வீட்டில் அவனுக்கும் சேர்த்து மாயக்காள்தான் பேசுவாள். எழுபத்தெட்டாம் வருடம், மழைக்காலம் முடிகிற சமயத்தில் அவனுக்குக் கண் மஞ்சளாயிற்று. சோறு இறங்கவில்லை. மஞ்சள்காமாலை என்று பார்த்தவுடனே தெரிந்தது.

உடனே கிளம்பினார்கள் மூன்று பேர். நல்லகாமனின் அண்ணன் விருமாண்டி திருவாதவூருக்குப் போய்ச் சித்த வைத்தியரிடம் சூரணம் வாங்கி வந்தார். மாயக்காளின் தம்பி கருத்தக்கண்ணன் மதுரையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். அவன் தெற்குவாசல் பக்கம் ஒரு யூனானி ஹக்கீமிடம் தேனில் குழைத்த மருந்து வாங்கி வந்தான். மூன்றாவது ஆள் பஞ்சாபகேசன். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான வாத்தியார். டவுனில் தெரிந்த ஆயுர்வேத வைத்தியரிடமிருந்து பாட்டிலில் கஷாயம் கொண்டுவந்து கொடுத்தார். அவர் என் அப்பா. அவரையும் சேர்த்துத்தான் திட்டப் போகிறேன்.

எங்கள் பக்கத்தில் காமாலை மருந்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. மருந்தின் பேரைக் கேட்கக் கூடாது. கேட்டால் பலிக்காது. கையை நீட்டி வாங்கிக்கொண்டு, வாயைத் திறக்காமல் வீடு வந்து சேர வேண்டும். படித்தவர், படிக்காதவர் எல்லோருக்கும் இதே சட்டம்தான். வகுப்பில் பிள்ளைகளைப் பார்த்து, "எதையும் ஏன் என்று கேள்" என்று தொண்டை கிழியக் கத்துகிற என் அப்பா, பாட்டிலை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஊமை மாதிரி பஸ் ஏறி வந்தார்.

மாயக்காள் யாருடைய மருந்தை வேண்டாம் என்பாள்? விருமாண்டி மருந்தைத் தள்ளினால் புகுந்த வீட்டை மதிக்கவில்லை என்பார்கள். தம்பி மருந்தைத் தள்ளினால் பிறந்த வீட்டுக்கு அவமானம். வாத்தியார் மருந்தைத் தள்ளினால் பால்காரிக்கு எவ்வளவு திமிர் என்பார்கள். காலையில் சூரணம், மத்தியானம் ஹக்கீம் மருந்து, பொழுது சாய்ந்ததும் கஷாயம் என்று மூன்றையும் கொடுத்தாள். மூன்றும் வேறு வேறு மருந்து, வேறு வேறு வேலை செய்யும் என்று நம்பினாள்.

நல்லகாமனுக்கு வயிறு கழியத் தொடங்கியது. முதலில் இரண்டு தடவை, பிறகு கணக்கில்லாமல். எழுந்து போக முடியாமல் பாயிலேயே போனான். சாயங்காலமானால் மூன்று பேரும் தனித்தனியாக வந்து எட்டிப் பார்ப்பார்கள். ஒருத்தர் இருக்கும்போது அடுத்தவர் வந்தால் முதலில் வந்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்.

"நம்ம மருந்து குடுத்தியா? கழியுதுல்ல? அம்புட்டும் பித்தம். எறங்கட்டும்" என்றார் விருமாண்டி.

"அக்கா, ஹக்கீம் மருந்து வேலை காட்டிருச்சு பாத்தியா?" என்றான் தம்பி.

என் அப்பா மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி, "வெளிய போறதுன்னா குணமாறதுன்னு அர்த்தம். வேணும்னா இன்னும் ஒரு மடங்கு சேர்த்துக் கொடு" என்றார்.

ஒரு மனிதன் கண்ணெதிரே வற்றிக்கொண்டிருந்தான். மூன்று பேரும் அதைத் தங்கள் வெற்றி என்று எடுத்துக்கொண்டு போனார்கள்.

மாயக்காளுக்குத்தான் முதலில் சந்தேகம் வந்தது. புருசன் உதட்டில் ஒட்டியிருந்த கஷாயத்தை விரலால் துடைத்து, என்ன நினைத்தாளோ, நாக்கில் வைத்தாள். பிறகு சூரணத்தில் ஒரு சிட்டிகை. பிறகு ஹக்கீம் மருந்தை வழித்து ஒரு சொட்டு. ஒன்றில் கருப்பட்டி, ஒன்றில் தேன், ஒன்றில் உலர்ந்த திராட்சை. மேலே இருந்த இனிப்பு கரைந்ததும் அடியில் மூன்றிலும் ஒரே கசப்பு. வேப்பிலைக் கசப்பு இல்லை, பாகற்காய்க் கசப்பும் இல்லை. அடிநாக்கில் உட்கார்ந்துகொண்டு, வாயைக் கொப்புளித்தாலும் எழுந்திருக்காத கசப்பு.

அன்று சாயங்காலம் மூன்று பேரையும் போகவிடாமல் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"மூணும் ஒரே மருந்து. நாக்குல வச்சுப் பாத்துட்டேன். என்ன மருந்து இது? பேரைச் சொல்லுங்க" என்றாள்.

"அடிப்பாவி, மருந்தை வாயில வச்சியா? பேரு வேற கேக்குறியா?" என்று விருமாண்டி தலையில் அடித்துக்கொண்டார். "இனிமே எங்கிட்டுப் பலிக்கும்?"

"கேக்காம இருந்து பலிச்சது போதும்ணே. அந்தா கெடக்காரு பாருங்க" என்றாள் மாயக்காள். ஆத்திரத்தில் மச்சான் என்ற முறைகூட மறந்துவிட்டது அவளுக்கு.

மருந்துகளை நிறுத்தினாள். வண்டி பிடித்து மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். உடம்பில் தண்ணீர்ச் சத்தே இல்லை, இவ்வளவு போகிறவரைக்கும் என்னம்மா செய்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினார்கள். காமாலை கொன்றதா, பேதி கொன்றதா, எனக்குத் தெரியாது. நல்லகாமன் வீடு திரும்பவில்லை.

பிணத்தை எடுத்த அன்றைக்கே விருமாண்டி கூட்டத்தின் நடுவில் சொன்னார்: "மருந்து நல்ல மருந்துதான். இவ பேரைக் கேட்டு முறிச்சுப்பிட்டா." கூடப் பிறந்த தம்பியான கருத்தக்கண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். என் அப்பா சாவு வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். மறுக்க ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவர் சொல்லியிருக்கலாம்.

காரியம் முடிந்ததும் மாயக்காள் தனியாகக் கிளம்பிப் போய் மூன்று வைத்தியர்களையும் பார்த்தாள். கோபப்படுவார்கள் என்று எதிர்பார்த்தாள்; யாரும் கோபப்படவில்லை. திருவாதவூர்க்காரர் கடுகுரோகிணி என்றார். ஹக்கீம் குட்கி என்றார். ஆயுர்வேதக்காரர் கடுகி என்றார். மூன்று பேரும் எடுத்துக் காட்டியது ஒரே வேர்: கறுத்து, கோணலாக, எலிவால் தடிமனில். மலையில் விளைவது, மதுரையில் ஒரே தெருவில் ஒரே கடையில் வாங்குவது. ஈரலுக்கு நல்லது, பித்தத்துக்கு நல்லது, காய்ச்சலுக்கும் கொடுப்போம், அளவு கூடினால் வயிற்றைப் பிடுங்கிவிடும் என்று மூன்று பேரும் ஏறத்தாழ ஒன்றையே சொன்னார்கள். வேறு மருந்தும் சாப்பிடுகிறார் என்று தெரிந்திருந்தால் கொடுத்தே இருக்க மாட்டோம் என்றார்கள்.

ஊருக்கு வந்து இதைச் சொன்னாள். யார் நம்பினார்கள்? வைத்தியர் மருந்து ரகசியத்தைப் பால்காரியிடம் சொல்லுவாரா, இவளாகக் கட்டி விடுகிறாள் என்றார் விருமாண்டி. பேர் கேட்டவள் என்பதே அவளுக்குப் பட்டப்பேராகிவிட்டது. கல்யாண வீட்டுக்கு அழைப்பதை நிறுத்தினார்கள். பச்சைப்பிள்ளைக்காரிகள் அவளிடம் பால் வாங்கப் பயந்தார்கள். அவள் வாய் மட்டும் அடங்கவில்லை. யார் கையில் மருந்துப் பொட்டலத்தைப் பார்த்தாலும், "அது என்ன மருந்து, கேட்டியா?" என்று தெருவிலேயே நிறுத்திக் கேட்பாள்.

எண்பத்தைந்தில் விருமாண்டியின் மகள் சீனியம்மாளுக்குக் கண் மஞ்சளாயிற்று. அவர் சூரணப் பொட்டலத்தோடு மாயக்காள் வாசலில் வந்து நின்றார். பெண்ணின் மாமனார் வீட்டிலிருந்து வேறொரு மருந்தும் வந்திருந்தது.

"நீ ரெண்டையும் நாக்குல வச்சுப் பாரு தாயி. இல்லேன்னா எங்கூட வந்து வைத்தியர்ட்ட நீயே கேட்டுரு" என்றார்.

மாயக்காளுக்குப் புரிந்துவிட்டது. பலிக்காமல் போனால் அந்தப் பழியும் பழைய இடத்திலேயே விழட்டும் என்று வந்திருக்கிறார் மனிதர். அவள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. "எம் புருசனுக்குக் கேட்டதுக்கு என்னையக் கொலைகாரின்னீங்க. உங்க மகளுக்கும் நானே கேக்கணுமா?" கத்தி முடித்து, சேலையை உதறிக் கட்டிக்கொண்டு, அவர் நீட்டிய பொட்டலத்தைத் திருப்பி அவர் கையிலேயே திணித்து, அவரை பஸ்ஸில் ஏற்றித் திருவாதவூருக்கு இழுத்துக்கொண்டு போனாள். சீனியம்மாள் சின்னப் பெண், அவள் என்ன பாவம் செய்தாள் என்று மாயக்காள் என்னிடம் பிறகு சொன்னாள்.

வைத்தியர் வீட்டில் அவள் வாயைத் திறக்கவில்லை. ஓரமாக நின்றுகொண்டாள். விருமாண்டி அவளைப் பார்த்தார். அவள் அசையவில்லை. அவர் துண்டை இடுப்பில் கட்டினார், அவிழ்த்தார். கடைசியில் கேட்டார்: "அய்யா, இந்த மருந்து பேரு என்னங்க?"

வைத்தியர் உரலில் மருந்து இடிப்பதை நிறுத்தாமலே, "கடுகுரோகிணி. வேற எதுவும் குடுக்குறீங்களா? குடுத்தா இதை நிறுத்துங்க" என்றார்.

விருமாண்டி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இம்புட்டுத்தானா?" என்றார்.

"இம்புட்டுத்தான் மச்சான்" என்றாள் மாயக்காள்.