சேவியர் நம்பாத மீன்

வேம்பார் கடலில் தீவுப் பக்கம் போகத் தடை. அதனால் நானும் என் நண்பன் சேவியரும் கரையிலேயே தூண்டில் போட்டோம். கோவில்பட்டிக்காரர்களான எங்களுக்குக் கண்மாய் மீன்தான் பழக்கம். அவன் தூண்டிலில் ஒரு மீன் பந்துபோல உப்பிக்கொண்டு வந்தது.

"ஏலே, ஒன் மாமனார் தொப்பையேதான்!" என்றேன்.

அவன் மனைவிக்குப் போன் போட்டு, "ஏட்டி, புளிய ஊறப்போடு" என்றான்.

பக்கத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு மீனவ அக்கா என்னிடம், "அது பேத்தை, தம்பி. தின்னா உசுரு போயிரும்" என்றார்.

பதறிப்போய்ச் சொன்னேன். சேவியர் சிரித்தான். "ஒன் வெளையாட்டுக்கு அக்காவயும் சொல்லிவச்சிட்டியாலே?"

நான் சத்தியம் செய்யச் செய்ய, அவன் இன்னும் சிரித்தான். அவன் கையிலிருந்த பையைப் பிடுங்கி மீனைக் கடலில் எறிந்தேன்.

திரும்பும் பஸ் எட்டயபுரம் தாண்டியும் அவன் கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான். அந்தக் கோபம் அப்புறம் போய்விட்டது. உயிர் போகிற விஷயத்திலும் என் பேச்சு அவனுக்கு விளையாட்டாகப் பட்டதுதான் இன்னும் உறுத்துகிறது.