படகு மூக்கில் போட்ட தேங்காய்

இன்று காலை போன் முன்னால் இருந்தவர்கள்: நான், பெரிய மருமகள் சுசீலா, என் தம்பி முனிரத்தினம். போனுக்குள்ளே, நியூசிலாந்தில் என் சின்ன மகன் சேகர், அவன் பின்னால் அவனுடைய பாய்மரப் படகு.

படகுக்கு அவனைவிட வயசு அதிகம். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், ஒருத்தர் சமைக்கலாம். மூன்று வருஷ லீவையும் அதைச் சுரண்டிப் பெயிண்ட் அடித்தே தீர்த்தான். இன்று தண்ணீரில் இறக்கிவிட்டால் அடுத்த வாரம் கங்கம்மா கோயில் ஜாத்திரைக்கு ஊருக்கு வருவதாகச் சத்தியம் செய்திருந்தான்.

"எலுமிச்சம்பழம் எங்கம்மா வைக்கிறது? இதுக்குச் சக்கரமே இல்லியே."

"இழுத்துகினு வந்த வண்டிக்கு இருக்குதில்ல? அதுங்கீழ வைடா."

வைத்தான். நசுங்கியது. திருப்தி.

அடுத்து தேங்காயைத் தரையில் உடைக்கப் போனான். முனிரத்தினம் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினான்.

"தரையில இல்லடா மாப்ள! வெள்ளக்காரன் கப்பல் மூக்குல சீசா ஒடைப்பான், பாத்ததில்ல? நீயும் மூக்குல ஓங்கிப் போடு!"

ஓங்கித்தான் போட்டான். தேங்காய்க்கு ஒன்றும் ஆகவில்லை. படகின் மூக்கு புதுப் பெயிண்ட்டோடு ஒரு சாண் பிளந்துவிட்டது.

"இத்த ஒட்டிக் காயவைக்க ஒரு மாசம் ஆவும்மா. ஜாத்திரைக்கு அடுத்த வருஷம் பாக்கலாம்."

வாயை மூடிக்கொண்டு சிரித்த சுசீலாவை மன்னித்துவிட்டேன். சொன்ன பேச்சைக் கேட்ட மகனையும் மன்னித்துவிட்டேன். சமாதானம் பேச நினைப்பவர்கள் கீழே கமெண்ட்டில் எழுதுங்கள், உங்கள் பெயரையும் ஞாபகம் வைத்துக்கொள்கிறேன்.

இந்த நிமிஷம் பூஜைச் சுண்டலைத் துன்னுகினே "உப்பு கம்மிக்கா" என்கிறானே, அந்த முனிரத்தினத்தை மட்டும் மாட்டேன்.