மூன்றாம் டெக்கில் என் கார், ஐந்தாம் டெக்கில் நான்

1. ஒலிபெருக்கி

கப்பல் ஒலிபெருக்கியில் ஒரு காரின் இலக்கத்தைச் சொல்லி, "இந்த வாகனத்தின் ஓட்டுநர் உடனடியாக மூன்றாம் டெக்குக்கு வரவும்" என்று கூப்பிட்டால் எனக்குச் சிரிப்பு வரும். பத்தொன்பது வருடங்களாக வந்திருக்கிறது. யாரோ ஒரு மடையன் கப்பல் கரை சேர்ந்தது தெரியாமல் சாக்லேட் கடையில் நிற்கிறான், அவன் காருக்குப் பின்னால் நாற்பது கார் ஹோர்ன் அடித்துக்கொண்டு நிற்கிறது என்பதுதான் அதன் அர்த்தம்.

அன்றும் முதலில் சிரித்தேன். லூபெக் பதிவு என்றதும், "எங்கட ஊர் மடையன்" என்று இன்னும் கொஞ்சம் சிரித்தேன். கடைசி எண்களும் வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. அது என் கார்.

நான் அப்போது ஐந்தாம் டெக்கில், இரண்டு லொறிகளுக்கு நடுவில், வயிற்றை உள்ளே இழுத்தபடி நின்றுகொண்டிருந்தேன். கார் சாவி என் காற்சட்டைப் பையில் இருந்தது.

ராம்ப் வேலைக்கு, அதாவது கப்பலுக்குள் வாகனம் ஏற்றும் சரிவுப் பாதை வேலைக்கு, புதிதாக வருகிற தம்பிமார் தங்கச்சிமார் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஜெர்மன்காரர் பேசியதை எல்லாம் எங்கள் தமிழிலேயே தருகிறேன். அவர்கள் கோபிக்க மாட்டார்கள்.

2. கைகாட்டி

ஜெர்மனியின் லூபெக் நகரத்து ட்ராவமுண்ட துறைமுகத்தில் நான் ஐன்வைசர். அதாவது சுவீடனுக்குப் போகும் கப்பலின் வயிற்றுக்குள் கார்களைக் கைகாட்டி ஏற்றுகிறவன். ஒரு காரின் பம்பருக்கும் அடுத்த காரின் பம்பருக்கும் நடுவில் ஒரு சாண். அதற்கு மேல் விட்டால் இடம் காணாது, குறைத்தால் சண்டை வரும். கோடையில் பாதி ஜெர்மனி கூடாரத்தைக் கட்டிக்கொண்டு வடக்கே கிளம்பும். காரவான், கூரையில் படகு, பின்னால் சைக்கிள், உள்ளே நாய். ஒவ்வொரு கண்ணாடியிலும் தட்டி ஒரே பாட்டைத்தான் பாடுவேன்.

"ஹான்ட்பிரேக் போடுங்கோ. கியரில விடுங்கோ. காஸ் சிலிண்டரைப் பூட்டுங்கோ. அலாரத்தை நிப்பாட்டுங்கோ. தேவையான சாமானை இப்பவே எடுங்கோ, கப்பல் வெளிக்கிட்டால் டெக் பூட்டிப்போடும். எந்தக் கதவால மேல போறீங்கள் எண்டதைப் பாத்து வையுங்கோ."

எங்கள் ஃபோர்ஆர்பைட்டர், அதாவது குழுத் தலைவர், அந்த வருடம் ஓய்வு பெறுவதாக இருந்தார். அந்த இடத்துக்கு நான் அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், போட்டிருந்தேன். மேலாளர் ஃப்ராவ் பிராண்ட், அதாவது திருமதி பிராண்ட், கூப்பிட்டு, "ஏன் உங்களுக்குத் தரவேணும்?" என்று கேட்டார்.

"பத்தொன்பது வருசத்தில என்னால ஒரு கப்பலும் ஒரு நிமிசம்கூடப் பிந்தினதில்லை."

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். "நல்லது. விடுமுறைக்குப் போட்டு வாங்கோ. திரும்பி வாற திங்கட்கிழமை முடிவு சொல்லுறன்."

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். இந்தப் பக்கத்திலோ சுவீடன் பக்கத்திலோ கப்பல் வேலை ஐந்து நிமிடம் பிந்தினாலும் காரணத்தையும் வாகன இலக்கத்தையும் எழுதி எங்கள் அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்புவார்கள். ஃப்ராவ் பிராண்ட் ஒன்று விடாமல் வாசிப்பார். என் கார் தினமும் அவருடைய ஜன்னலுக்குக் கீழேதான் நிற்கும்.

3. கீரிப்பிள்ளைக் கதவு

"ஊர்ச்சனம் எல்லாத்தையும் ஏத்தி அனுப்புறீங்கள், என்னை எப்ப ஏத்துவீங்கள்?" என்று என் மனைவி சுகந்தி கேட்டுக் கேட்டே பத்தொன்பது கோடை போய்விட்டது. இந்த முறை நானே டிக்கெட் எடுத்தேன். பிள்ளைகள் இரண்டு பேரும் வளர்ந்துவிட்டார்கள். "அப்பான்ர குறட்டையோட ஒரே கூடாரத்துக்கை படுக்க ஏலாது" என்று ஒரே குரலில் மறுத்தார்கள். பதிலுக்குச் சுகந்தியின் தம்பி குகன் வுப்பர்டாலில் இருந்து வந்து சேர்ந்தான். அங்கே அவன் பஸ் ஓட்டுகிறான். ஒரு நிமிடம் பிந்தினாலும் பயணிகளிடம் மன்னிப்புக் கேட்கிற சாதி.

அன்று காலை எனக்குக் கல்யாண மாப்பிள்ளையின் அவசரம். கூடாரம், காற்று மெத்தை, ஒற்றை அடுப்பு, சுகந்தி விடிய எழும்பி அவித்த புட்டு, கோழிக்கறி. கப்பலுக்கு ஏறும் பாதையில், என்னோடு வேலை செய்யும் தோழன் ஊவ, மஞ்சள் சட்டையோடு என் கண்ணாடியில் தட்டி முழுப் பாட்டையும் பாடினான்.

"எனக்கோ சொல்லுறாய்?"

"உனக்குத்தான். நீ பயணி."

மரியாதைக்காக என்னை வரிசையின் தலையில் விட்டான். நாங்கள் பின்கதவால் ஏற்றுவோம், சுவீடனில் கப்பலின் முன்கதவு திறக்கும். முதலில் ஏறுகிற கார்தான் முதலில் இறங்கும்.

படிக்கட்டுக் கதவில் சுகந்தி நின்று கைப்பேசியை நீட்டினாள்.

"என்னத்தைப் படம் பிடிக்கிறாய்?"

"கதவை. பச்சைக் கலர். கீரிப்பிள்ளை மாதிரி ஒண்டு கீறிக் கிடக்கு."

"அது நீர்நாய். கப்பல் தெரியாத சனத்துக்கு அடிச்சு வைச்சது. நட, நட."

மேல் டெக்குக்குப் போனோம். காற்று முகத்தில் அறைந்தது. கீழே என் ராம்ப் ஒரு நாக்கு மாதிரி நீட்டிக் கிடந்தது. ஊவ தீக்குச்சி அளவில் நின்று கையாட்டினான். பத்தொன்பது வருடம் கப்பலின் கால்விரலை மட்டும் பார்த்தவன், அன்றுதான் அதன் முகத்தைப் பார்த்தேன். கரையில் வேலை செய்கிற எங்களுக்கு மேலே வர ஒரு காரணமும் இருந்ததில்லை. கப்பல் ஹோர்ன் அடித்தபோது நானும் சேர்ந்து கத்தினேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா தன் நாயைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போனார்.

மத்தியானம் சுகந்தி கேட்டாள்: "சாப்பாட்டுப் பை எங்கையப்பா?"

காருக்குள்.

"பயப்பிடாதை. நான் இஞ்ச வேலை செய்யிறவன். போய் எடுத்துக்கொண்டு வாறன்."

பச்சைக் கதவில் நின்ற மாலுமி தலையை ஆட்டினார். கப்பல் ஓடும்போது டெக்குக்குப் போக முடியாது. நான் துறைமுக அடையாள அட்டையைக் காட்டினேன். அவர் அதை நன்றாக வாசித்தார்.

"அப்ப உங்களுக்குச் சட்டம் தெரியும்தானே?"

மூன்று பேரும் கப்பல் கடையில் வாங்கிய காய்ந்த பணிஸ் தின்றோம். குகன் ஒவ்வொரு கடிக்கும், "அத்தான், கோழி இப்ப மூண்டாம் டெக்கில ஆறுதலா இருக்கும், என்ன?" என்று விசாரித்தான்.

4. குறுக்கு வழி

பின்னேரம் சுவீடனின் ட்ரெல்லெபோர்க் கரை தெரிந்தது. ஓட்டுநர்கள் காருக்குப் போகலாம் என்று அறிவித்ததும் சனம் முழுவதும் படிக்கட்டுக்குப் பாய்ந்தது. சுகந்தியும் எழும்பினாள்.

"இரு. அறிவிச்சாப்போலை கதவு திறக்காது. இருவது நிமிசம் ஆகும். எனக்குத் தெரியாதே?" என்று நான் கொஃபியை உறிஞ்சினேன்.

பத்து நிமிடம் போனது. குகன் மணிக்கூட்டைப் பார்த்தான். "அத்தான், நான் டிரைவர். இருக்க ஏலாமல் கிடக்கு."

"சரி, நீங்கள் ரெண்டு பேரும் உந்தச் சனத்தோட இடிபட்டுக்கொண்டு வாங்கோ. நான் வேலைக்காரற்றை படியால போய்க் காரைத் திறந்து வைக்கிறன்."

வேலைக்காரர் படி எனக்குக் கீழிருந்துதான் பழக்கம். கீழே அது தூணுக்குப் பின்னால் ஒரு சாம்பல் கதவு. மேலே பார்த்தால் சாம்பல் கதவு நான்கு. ஒன்றைத் திறந்து இறங்கினேன். இன்னொரு கதவு. அதையும் தள்ளிக்கொண்டு போக, அது எனக்குப் பின்னால் சாத்திக்கொண்டது. இந்தப் பக்கத்தில் கைபிடியே இல்லை. முன்னால் லொறி, பின்னால் லொறி, கீழே சங்கிலி. நான் தூண்களைத் தேடினேன். அந்த ஐந்தாம் டெக்கில் தூணே கிடையாது.

அப்போதுதான் ஒலிபெருக்கி.

ஓடினேன் என்று எழுத ஆசைதான். ஆனால் லொறிகளுக்கு நடுவில் ஓட முடியாது, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகரத்தான் முடியும். ஒரு போலந்து லொறிக்காரர் ஜன்னலால் எட்டிப் பார்த்தார்.

"கார்?" என்றார்.

"கார்!" என்றேன்.

சிரித்துக்கொண்டே விரலைக் கீழே காட்டினார். பிறகு இறங்கி வந்து, சட்டைக் கொலரில் பிடிக்காத குறையாக என்னை ஒரு ஏணிவரை கூட்டிப் போனார். அவருக்குக் கடன்பட்டவன் நான்.

மூன்றாம் டெக்குக்கு வந்தபோது முன்கதவு ஆவென்று திறந்து, சுவீடன் முழுவதும் வெயிலில் மின்னிக்கொண்டு நின்றது. பக்கத்து வரிசைகள் வெறுமை. என் வரிசை மட்டும் அப்படியே ஹோர்ன் அடித்தபடி நின்றது. அதன் தலையில், பூட்டிய என் காருக்கு இரண்டு பக்கமும் சுகந்தியும் குகனும் கோயில் வாசல் சிலை மாதிரி நின்றார்கள். அந்தத் துறைமுகத்து ஐன்வைசர், உயரமான ஒரு பெண், என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"மேல போகேக்கை கதவைப் பாத்து வைக்கேல்லையோ?"

என் பாட்டு. என் ராகம். பதினொரு நிமிடம் என்று அவள் தன் தாளில் எழுதியதையும், பிறகு காரின் பின்பக்கம் போய் இலக்கத்தைக் குறித்ததையும் கண்ணாடியில் பார்த்தேன்.

குகன் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு சொன்னான்: "அத்தான், கீரிப்பிள்ளைக் கதவு திறந்துதான் கிடந்தது."

5. கூடாரத்தில் ஒரு நீதிமன்றம்

சுவீடனில் நாங்கள் கூடாரம் அடித்த ஏரிக்கரை நான் பார்த்த இடங்களிலேயே அழகானது. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. கோழிக்கறி மட்டும் கெட்டுப் போயிருந்தது. நான் கூடாரத்து முளையை அடித்துக்கொண்டே, அங்கே இல்லாத ஃப்ராவ் பிராண்டிடம் பேசிக்கொண்டிருந்தேன். முளை நிலத்துக்குள் முற்றாகப் போன பிறகும் அடித்தேன்.

"யாரோட கதைக்கிறீங்கள்?" என்றாள் சுகந்தி.

"அறிக்கை இப்ப அவவின்ர மேசைக்குப் போயிருக்கும். ஒரு நிமிசம்கூடப் பிந்தினதில்லை எண்டு நெஞ்சைத் தட்டிச் சொன்னனான்."

"பற்றரி இறங்கிப் போச்சு எண்டு சொல்லுங்கோ அத்தான்" என்றான் குகன். "ஆர் வந்து பாக்கப்போறது?"

அது எனக்குப் பிடித்துவிட்டது. பற்றரிக் கதையை மூன்று விதமாக ஒத்திகை பார்த்தேன். ஒன்றில் நானே பற்றரியைத் திருத்திக் கப்பலைக் காப்பாற்றினேன். சுகந்தி தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே சொன்னாள்:

"காரையே நிப்பாட்டின இடத்தை மறந்த மனிசன். பொய்யை எங்கை நிப்பாட்டினனீங்கள் எண்டு ஞாபகம் வைச்சிருப்பியளோ?"

குகன் தேத்தண்ணி புரையேறி ஏரிப் பக்கம் ஓடினான். நானும் சிரித்தேன். சிரித்து முடிந்தபோது பற்றரிக் கதை செத்துப் போயிருந்தது. அடுத்த நாள் படகு எடுத்தோம், மீன் பிடித்தோம், ஒரு மீன் என் தொப்பியைப் பிடித்தது. திரும்பி வரும் கப்பலில் நான் படிக்கட்டுக் கதவை இரண்டு தரம் படம் எடுத்தேன்.

6. திங்கட்கிழமைத் தேர்மின்

தேர்மின் என்றால் நேரம் குறித்த சந்திப்பு. ஃப்ராவ் பிராண்ட் அறிக்கைத் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். என் இலக்கத்துக்குக் கீழே கோடு போட்டிருந்தது.

"கார் பழுதோ?"

"கார் திறம். நான்தான் பழுது."

முழுவதையும் சொன்னேன். சாப்பாட்டுப் பை, கொஃபி, சாம்பல் கதவு, போலந்துக்காரர். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டே கேட்டார். கடைசியில் ஒரு வெற்றுத்தாளை எடுத்து நான் டெக்கைப் படமாகக் கீறினேன். கீழே இருந்து பார்த்தால் டெக் ஒரே மண்டபம். நாங்கள் எல்லாவற்றையும் பார்க்கிறோம். மேலிருந்து வருகிறவனுக்கு அது ஒரே மாதிரிப் பல கதவுகள். அதோடு நாங்கள் 'கதவைப் பாத்து வையுங்கோ' என்று கத்துவது அவன் காஸ் சிலிண்டரையும் நாயையும் பார்த்துக்கொண்டிருக்கிற அதே நிமிடத்தில்.

"உங்கட குழுவில எத்தினை பேர் பயணியா மேல போய் வந்திருக்கினம்?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை. எனக்குத் தெரிஞ்ச அளவில ஒருத்தரும் இல்லை."

அவர் பேனையை மூடினார். ஃபோர்ஆர்பைட்டர் இடம் யாருக்கு என்ற முடிவைச் சொல்லவில்லை. "வியாழக்கிழமை எல்லாரும் போய் வரட்டும். கப்பல் காலியா நிக்கேக்கை, ஒரு ஆள் ஒரு தரம். மேல ஏறி, நீங்கள் மூண்டாம் டெக்கில விட்டு வைக்கிற ஒரு காருக்குத் தனிய இறங்கி வரவேணும்."

வியாழக்கிழமை பத்துப் பேர் ஏறினார்கள். ஆறு பேர் நேரத்துக்கு வந்தார்கள். ஊவ சாப்பாட்டுச்சாலைக் குசினி வழியாக வந்தான், கையில் ஒரு கேக் துண்டோடு. அன்றிலிருந்து எங்கள் பாட்டு மாறியது. இப்போது நாங்கள் கத்துவதில்லை. ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்தி, இறங்கி, ஒரு மூச்சு விட்ட பிறகுதான், "பச்சை, நீர்நாய், மூண்டு" என்று கதவைக் கையால் காட்டிச் சொல்லுவோம். அவர் திருப்பிச் சொன்ன பிறகுதான் அடுத்த காருக்குப் போவோம். புதிதாக வருகிறவர்களே, ஒரு பயணியைப் பார்த்து "மடையன்" என்று வாய் வரும்போது, நீங்கள் நிற்கிற இடத்தில் இருந்து தெரிவது அவருக்கும் தெரியுமா என்று ஒரு தரம் ஏறிப் பாருங்கள். இவ்வளவுதான் நான் படித்தது. அதற்குப் பதினொரு நிமிடமும் ஒரு கோழியும் செலவு.

அந்த வியாழக்கிழமை, பத்துப் பேரும் முடிந்த பிறகு ஃப்ராவ் பிராண்ட் தன் கோட்டைக் கழற்றி என்னிடம் தந்தார். "பதினோராவது ஆள் நான்" என்று ரேடியோவையும் எடுத்துக்கொண்டு ஏறிப் போனார்.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். பதினான்காவது நிமிடத்தில் ரேடியோவை அழுத்தினேன்.

"ஃப்ராவ் பிராண்ட், எங்கை நிக்கிறீங்கள்?"

கொஞ்ச நேரம் இரைச்சல். அதற்குப் பின்னால் நாய் குரைக்கும் சத்தம். ஒன்றல்ல, நாலைந்து. அடுத்த பயணத்துக்குப் போகிற நாய்களை ஏற்கெனவே மேலே கூட்டில் விட்டிருந்தார்கள்.

"நாய்க்கூட்டுக்குள்ள" என்றார் அவர், தன் அலுவலகக் குரலை ஒரு துளிகூட விடாமல். "கதவு வெளியால பூட்டிப்போட்டுது. வந்து கூட்டிக்கொண்டு போங்கோ, ஃபோர்ஆர்பைட்டர்."